பதினைந்தாவது கையொப்பம்

உ
சிவமயம்

பாலையடிக்குளம்,
24.10.2025, வெள்ளிக்கிழமை,
கந்தசட்டி மூன்றாம் நாள்.

என் அன்பிற்கும் நம்பிக்கைக்கும் உரிய மருமகன் அனோஜனுக்கு,

மாமி கமலாசனி விளக்கேற்றி வைத்துவிட்டு எழுதிக்கொள்வது. நாங்கள் சுகம். நீரும் யதுர்ஷிகாவும் வவுனியாவில் சுகமாக இருக்கவேண்டும் என்று முருகனிடம் தினமும் சொல்லி வைக்கிறேன். அவருக்கு இந்த ஆறு நாளும் சூரனோடு வேலை கூட, என்றாலும் கேட்பார். 'நாங்கள் சுகம்' என்று எழுதியது வழமைக்காக. உண்மை அடுத்த பந்தியில் தொடங்குகிறது. விரதத்துக்குப் பாலும் பழமும் மட்டும் என்பதால் எழுத்தில் கொஞ்சம் காரம் கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளும். வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பலாமே மாமி என்று யதுர்ஷிகா கேட்பா. இனிமேல் மின்சாரத்தில் ஓடுகிற எதையும் நம்பி என் வாயையோ கையையோ கொடுப்பதாக இல்லை. ஆகையால் பேனையும் தாளும்.

விஷயம் இதுதான். என் கையொப்பத்தை யாரோ களவாக வைத்துவிட்டார்கள். அதைக் காட்டி, எங்கள் குளக்கட்டோடு ஒட்டி நிற்கிற கிரவல் மண் மேட்டை வருகிற செவ்வாய்க்கிழமை வெட்டப் போகிறார்கள். மேடு போனால் கட்டு நிற்காது. கட்டு உடைந்தால் இப்போது முளைத்து நாலு விரல் உயரத்துக்கு நிற்கிற நூற்றிருபது ஏக்கர் நெல்லும் தண்ணீரோடு போகும். எங்கள் மூன்று ஏக்கரும் அதற்குள்தான். மழையும் தொடங்கிவிட்டது. நீர் சட்டத்தரணி. திங்கட்கிழமைக்குள் ஒரு தடையுத்தரவு எடுத்துத் தரவேண்டும். இனி நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன், நடுவில் குறுக்கே போனால் அது பசி.

போன வருடம் எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு என்னைச் செயலாளராகப் போட்டார்கள். எட்டாம் வகுப்போடு நின்றவளை ஏன் போட்டார்கள் என்று நீர் கேட்கமாட்டீர். உம்முடைய தகப்பனார் கேட்பார், அண்ணா எப்போதும் அப்படித்தான். காரணம், நான் எதையும் எழுதி வைக்கிறவள். மழை எத்தனை நாள் பெய்தது, கோவிலில் எந்த நாள் யாருடைய பூசை, உம்முடைய மாமா மாதத்தில் எத்தனை தரம் 'இந்தா வாறன்' என்று சொல்லிவிட்டு வராமல் விட்டார், எல்லாவற்றுக்கும் கொப்பி உண்டு. நான் வந்து மூன்று மாதம் ஆகவில்லை, சங்கங்களைக் காகிதம் இல்லாமல் நடத்திப் பார்ப்பது என்று ஒரு திட்டம் வந்தது. எனக்கு ஒரு பழைய மடிக்கணினியும் சுண்டுவிரல் அளவில் ஒரு குச்சியும் தந்தார்கள். கடிதம் வேண்டியவர்கள் தாங்களே எழுதிக் கணினிக்குள் அனுப்புவார்கள். அது வரிசையில் நிற்கும். நான் வாசித்துப் பார்த்து, குச்சியைச் செருகி, ஆறு இலக்கத்தைக் குத்தினால் கையொப்பம் விழும், பக்கத்தில் ஒரு பச்சைச் சரி வரும். அவ்வளவுதான். படிப்பித்த பிள்ளை என் கையைப் பிடித்து, "அன்ரி, உது உங்கட வலது கை மாதிரி. ஒருத்தருக்கும் குடுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டா. வலது கையை எங்கே வைப்பது? சாமியறையில், பிள்ளையாருக்குப் பின்னால், பட்டுத்துணியில் சுற்றி வைத்தேன். ஆறு இலக்கத்தை எழுதி வைக்கவில்லை. என் வாழ்க்கையில் எழுதி வைக்காத ஒரே விஷயம் அதுதான். ஆனால் வைக்கிற ஒவ்வொரு கையொப்பத்துக்கும் இலக்கம், திகதி, நேரம், என்ன காரியம் என்று ஒரு கொப்பி போட்டேன். செப்டெம்பர் முடியும்போது கொப்பியில் பதினான்கு.

இந்த மாதம் பத்தாம் திகதி மத்தியானம், டிப்பர் வைத்திருக்கிற விஜிதரன் மேட்டில் கயிறு பிடித்து அளந்துகொண்டு நின்றான். நான் குளத்துக்குத் தாமரை பிடுங்கப் போனவள். "ஆரின்ர காணியை ஆர் அளக்கிறது?" என்று கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டு, "என்னம்மா தெரியாத மாதிரிக் கேக்கிறியள்? நீங்கள்தானே சரி எண்டு கையெழுத்து வைச்சுத் தந்தனீங்கள்" என்று போனை நீட்டினான். பார்த்தால், 28.09.2025 அன்று பின்னேரம் நடந்த விசேட பொதுக்கூட்டத்தின் ஏகமனதான தீர்மானத்தின்படி மேட்டில் கிரவல் அகழ்வதற்குச் சங்கத்துக்கு ஆட்சேபனை இல்லை என்று ஒரு கடிதம். அடியில் என் பெயர், பச்சைச் சரி. ஏகமனது! எங்கள் சங்கத்தில் தேநீருக்குச் சீனி போடுவதா விடுவதா என்பதே ஏகமனதாக முடிந்ததில்லை. அதை விடும். நான் பார்த்தது கையொப்பத்தைத்தான். ஓடிவந்து கணினியைத் திறந்தேன். கொப்பியில் பதினான்கு, கணினியில் பதினைந்து. அனோஜன், என் கணக்கு இந்த முப்பது வருடத்தில் ஒரு தரமும் பிழைத்ததில்லை.

அடுத்த நாள் காலை நானும் மாமாவும் பொலிஸ் நிலையத்துக்குப் போனோம். அங்கே ஒரு சார்ஜன், நல்ல மனிசன், நெற்றியில் சந்தனம். ஆனால் அவரிடம் உள்ள படிவம் பழைய கள்ளர்களுக்கு அடித்தது.

"என்னம்மா களவு போனது?"

"என்ர கையொப்பம்."

"அது வைக்கிற சாமான்?"

"அது இஞ்ச இருக்கு." பட்டுத்துணியை அவிழ்த்துக் காட்டினேன்.

"அப்ப ஒண்டும் களவு போகேல்லையே."

"களவு போகாமல்தான் களவு போயிட்டுது, தம்பி."

அவர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு கள்ளக் கையெழுத்து என்றால் ஒரு முறை இருக்கிறது என்று சொல்லி, வெள்ளைத்தாளில் என்னைப் பத்துத் தரம் ஒப்பம் வைக்கச் சொன்னார். வைத்தேன். இடது கையாலும் வைக்கச் சொன்னார். அதையும் வைத்தேன், கோழி கிளறினது மாதிரி. பிறகு கடிதத்தின் அசலைக் கேட்டார். அசல் என்று ஒன்று இல்லை, அது கணினிக்குள்தான் பிறந்தது என்றேன். அப்படியானால் எதோடு ஒப்பிடுவது? நான் வைத்த இருபது கையெழுத்தையும் அந்தப் பச்சைச் சரியையும் அவர் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "வித்தியாசம் இருக்கத்தான் செய்யுது" என்று எழுதிக்கொண்டார். கடைசியில், குற்றம் எந்த இடத்தில் நடந்தது என்று ஒரு கட்டம். வீடு என்றேன். கடிதம் இருக்கிற பெரிய கணினி எங்கே என்று கேட்டார். கொழும்போ, கடல் கடந்தோ, தெரியாது என்றேன். "அப்ப அது எங்கட எல்லைக்குள்ள வராதே, அம்மா" என்று பெருமூச்சு விட்டார். உம்முடைய மாமா நடுவில் புகுந்து, "மேடு உங்கட எல்லைக்குள்ளதானே ஐயா கிடக்கு?" என்று கேட்டார். முப்பத்தொரு வருடத்தில் அவர் சொன்ன கெட்டித்தனமான கதை அது. கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன்.

மூன்று நாள் கழித்து, கணினிக் குற்றம் படித்த ஓர் உப பரிசோதகர் வந்தா. சிவதர்சினி என்று பெயர், எங்கள் பக்கத்துப் பிள்ளைதான். வீட்டுக்கே வந்து, கதிரையில் இருந்து, கோப்பி குடித்து, கணினியை ஆராய்ந்துவிட்டுச் சொன்ன கதையை நீர் கவனமாக வாசியும், இதுதான் உமக்கு வேலை. கையொப்பம் போலியில்லையாம். என் குச்சி, என் ஆறு இலக்கம், என் வீட்டுக் கணினி. நேரம் ஒக்டோபர் இரண்டு காலை 7.42.

"பேனையால வைச்சதெண்டால், உது இவாவின்ர எழுத்தில்லை எண்டு ஆராயலாம் அம்மா. இதில எழுத்தெண்டு ஒண்டில்லை. குச்சியை ஆர் செருகினாலும் ஒரே மாதிரித்தான் விழும். குச்சி உங்கட எண்டால் வைச்சதும் நீங்கள் எண்டுதான் எடுப்பினம். இல்லையெண்டால் நீங்கள்தான் காட்டவேணும்."

"செய்யாததை எப்பிடிப் பிள்ளை காட்டுறது?"

"அதுதான் எங்களுக்கும் தலையிடி" என்றா.

நேரத்தைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. ஏனென்றால் ஒக்டோபர் இரண்டு விஜயதசமி. முதல் நாள் ஆயுத பூசைக்கு வீட்டில் உழைக்கிற சாமான்கள் எல்லாவற்றையும் கும்பத்துக்கு முன்னால் வைத்திருந்தேன்: மண்வெட்டி, கத்தி, தையல் மெசின், கொப்பிகள் ஒன்பது, கணினி, குச்சி, என் மூக்குக்கண்ணாடி. கண்ணாடியும் ஆயுதம்தானே, அது இல்லாமல் என் கல்வி எங்கே? அதனால் இரண்டு நாள் பேப்பர்கூட வாசிக்க முடியவில்லை. மாமாதான் மரண அறிவித்தல்களை வாசித்துக் காட்டினார், பாதி உறவினரை விழுங்கிவிட்டு. விஜயதசமி காலை சுபநேரம் பார்த்து வழமைபோல் எல்லாவற்றையும் தொடக்கினோம். மாமா முற்றத்தில் ஒரு கொத்து, நான் மெசினில் நாலு தையல், அப்படி அப்படி. தொடக்கிவிட்டுத் திரும்பக் கும்பத்தடியிலேயே வைத்தாயிற்று. மத்தியானம் கும்பம் எடுத்த பிறகுதான் எல்லாம் வெளியே வந்தன. இதைச் சொன்னதும் சிவதர்சினி கேட்டா:

"அந்த நேரம் வீட்டில ஆர் ஆர்?"

"நானும் இவரும். மற்றது சரஸ்வதி அம்மாள்."

"அவாவைச் சாட்சி போடேலாது. அழைப்பாணையை எந்த விலாசத்துக்கு அனுப்புறது?"

சிரித்தா. பிறகு சிரிப்பை விட்டுவிட்டு மாமாவைப் பார்த்தா. சந்தேக நபர் என்று வேறு யாரும் மிச்சமில்லையே! அவரைக் கணினிக்கு முன்னால் இருத்தி, "ஐயா, ஒரு கையொப்பம் வைச்சுக் காட்டுங்கோ" என்றா. மாமா கைகழுவி, துவாயில் துடைத்து, ஒரு விரலால் எங்கேயோ தட்டினார். திரை தலைகீழாகப் போய்விட்டது. அதை நிமிர்த்த அந்தப் பிள்ளைக்கு அரை மணித்தியாலம். "குச்சியெண்டால் நான் வேலிக்குத்தான் நட்டிருக்கிறன், பிள்ளை" என்றார். அதோடு அவரை விடுவித்தாயிற்று. அன்று முழுக்க, தன்னைச் சந்தேகப்பட்டார்கள் என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிந்தார். போகும்போது சிவதர்சினி, "அந்த இருபத்தெட்டாம் திகதிக் கூட்டம் நடந்ததோ அம்மா?" என்று கேட்டா. "கூட்டத்தை விடும் பிள்ளை, என்ர கையைக் கண்டுபிடிச்சுத் தாரும்" என்று நான் சொல்லிவிட்டேன். அவா குச்சியைச் சான்றுப் பொருள் என்று உறையில் போட்டு, அரக்கு வைத்துக் கொண்டுபோனா. என் வலது கை இப்போது பொலிஸ் அலுமாரியில்.

பிரதேச செயலகத்துக்குப் போய், அந்தக் கடிதத்தை இரத்துச் செய்யுங்கள் என்று கேட்டேன். இரத்துக் கடிதம் தரலாம், ஆனால் அதிலும் அதே இலத்திரனியல் கையொப்பம் இருக்கவேண்டுமாம், இல்லாவிட்டால் கணினி வாங்காதாம். குச்சி பொலிசில் என்றேன். பொலிசில் கேளுங்கள் என்றார்கள். பொலிசில், வழக்கு முடியட்டும் என்றார்கள். வழக்கு எப்போது தொடங்கும்? ஆளைப் பிடித்தால். ஆளை எப்போது பிடிப்பது? மாங்குளம் சந்தியில் பஸ்ஸுக்கு நின்று நின்று, அங்கே கச்சான் விற்கிற மனிசிக்கு என் வழக்கு முழுக்கத் தெரியும். அவா உமக்கு ஒரு யோசனையும் சொல்லிவிட்டிருக்கிறா, நேரில் சொல்கிறேன்.

இதற்குள் ஊரில் கதை. செயலாளர் மேட்டை விற்றுப்போட்டா என்று. கமக்கார அமைப்புத் தலைவர் ஏரம்பு அண்ணர் படலையடியில் நின்று, "தங்கச்சி, நான் நம்பேல்லை. ஆனால் சனம் நம்புது. நீ கோவிலிலை கற்பூரம் அணைச்சுச் சொல்லிப்போடு" என்றார். போன வெள்ளிக்கிழமை எங்கள் அம்மன் கோவிலில், ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டு நிற்க, 'அந்தக் கடிதத்துக்குக் கையொப்பம் வைத்தவள் நானில்லை' என்று சொல்லி எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்தேன். உள்ளங்கையில் ஒரு கொப்புளம். சார்ஜனும் கும்பிட வந்து நின்றவர். கண் கலங்கிப்போனார். அன்றைக்கே புத்தகத்தில், 'முறைப்பாட்டாளர் கற்பூரத்தில் சத்தியம் செய்தமையால் மேற்படி கையொப்பம் அவருடையதல்ல எனக் கருத இடமுண்டு' என்று பதிந்தார். கணக்கு, குச்சி, பச்சைச் சரி ஒன்றும் செய்யாததைக் கற்பூரம் செய்தது. அந்தப் பதிவைக் காட்டித்தான் செயலகத்தில் இருபத்தேழாம் திகதி வரை வேலையை நிறுத்தி வைத்தார்கள். அதற்கு மேல் நீதிமன்றக் கடதாசி வேண்டுமாம். சத்தியம் நீதிமன்றத்தில் எடுபடாது என்று சிவதர்சினி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டா. இருபத்தெட்டுச் செவ்வாய், டிப்பர் நாலு வரும்.

ஆகவே, மருமகன், செய்தவன் எவனாக இருந்தாலும் அவனை விடக்கூடாது. சாமியறைக்குள் புகுந்து, அம்மாளுக்கு முன்னால் வைத்த பொருளைத் தொட்டு, என் பெயரில் குளத்தை விற்றவன் எப்பேர்ப்பட்ட பாவியாக இருக்கவேண்டும்! கண் தெரியாமல் போகட்டும் என்று சொல்ல வாய் வருகிறது, விரதம், சொல்லவில்லை. சூரசங்காரத்துக்கு முதல், திங்கள் காலையே வந்து சேரும். இடியப்பமும் சொதியும் உமக்கு, எனக்குப் பால்.

உமக்கும் யதுர்ஷிகாவுக்கும் முருகன் நல்ல சுகத்தையும் நீண்ட ஆயுளையும், உமக்கு மட்டும் கூடுதலாக வாதத்திறமையையும் தரட்டும். அண்ணாவுக்கு என் அன்பைச் சொல்லும், வழக்கைச் சொல்லவேண்டாம். இத்துடன் எங்கள் அம்மன் கோவில் விபூதியும் வைத்து அனுப்புகிறேன், நீதிமன்றத்துக்குப் போகும்போது பூசிக்கொண்டு போம்.

இப்படிக்கு,
அன்பு மாமி,
சி. கமலாசனி
(பேனையால் வைத்தது)

பி.கு.: கடிதத்தை மடித்துவிட்டு, விபூதி பொதிய ஒரு தாள் தேடினேன். நாட்காட்டியில் கிழிக்கிற தாள்களை நான் எறிவதில்லை, விபூதிக்கும் கற்பூரத்துக்கும் உதவும். கைக்கு வந்தது ஒக்டோபர் இரண்டாம் திகதித் தாள். பின்பக்கத்தில் என் எழுத்து, ஒவ்வொன்றும் கத்தரிக்காய் அளவில்: '7.42. சுபநேரம். குச்சி தொடக்கம். ஒன்று.'

தலையில் கைவைத்துக்கொண்டு சாமியறையிலேயே இருந்துவிட்டேன். மாமா ஒரு கொத்து, மெசினுக்கு நாலு தையல், அதோடு குச்சிக்கும் ஒன்று. கொப்பி கும்பத்தடியில் இருந்ததால் நாட்காட்டியில் குறித்திருக்கிறேன். வரிசையில் முதலில் நின்ற கடிதத்துக்கு நல்ல நேரத்தில் ஒரு குத்து. அது என்ன கடிதம் என்று வாசித்தேனா? எதைக் கொண்டு வாசிப்பது? கண்ணாடி அம்மாளிடம் அல்லவா இருந்தது!

அதைக் கையொப்பம் என்று நான் நினைக்கவே இல்லை, அனோஜன். அரிசியில் 'அ' எழுதித் தொடங்குகிற பிள்ளையைக் கடிதம் எழுதினது என்று யாராவது சொல்வார்களா? விரல் குத்தினதா கையொப்பம், மனம் சம்மதித்ததா கையொப்பம்? இதற்குச் சட்டத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்து வாரும். அந்தப் பாவியைப் பற்றி மேலே எழுதின வரிகளை வெட்டிவிட்டு வாசியும்.

மாமாவிடம் சொன்னேன். "இஞ்சேரும், உதைச் செவ்வாய் கழியச் சொல்லலாமே" என்றார். செவ்வாய் வரை அந்தக் கொப்புளத்தோடு எப்படி இருப்பது? நாளைக் காலை முதலில் அம்மனிடம், பிறகு சார்ஜனிடம். சார்ஜனின் பதிவு போனால் செயலகத்தில் போட்ட தடையையும் எடுத்துவிடுவார்கள், தெரியும்.

ஆனால் இன்னொன்று. கணக்குத்தான் பிழைத்துவிட்டதே, மற்றக் கொப்பிகளாவது சரியா என்று எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தேன். கோவில் கொப்பியில் செப்டெம்பர் 28: 'சங்கக் கூட்டம் இல்லை. நவராத்திரிச் சுண்டல் எங்கள் முறை. கடலை ஐந்து கிலோ. விஜிதரன் இரண்டு தரம் வாங்கினான்.' அவனுடைய விசேட பொதுக்கூட்டம் நடந்த அதே பின்னேரம்! அந்தப் பிள்ளை சிவதர்சினி சரியாகத்தான் கேட்டிருக்கிறா. கையொப்பம் என்னுடையது, கடிதம் பொய். அந்தக் கொப்பியையும் இந்தக் கடிதத்தையும் நாளைக் காலை வவுனியா பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன். கவனம், அதில் மாமாவின் 'இந்தா வாறன்' கணக்கும் உண்டு, நீதவானுக்குக் காட்டும்போது அந்தப் பக்கத்தை மடித்துவிடும்.

ஆகவே திங்கள் கட்டாயம் வாரும். முறைப்பாட்டுக்காரிக்காகவும் எதிரிக்காகவும் சேர்த்து வாரும். இருவரையும் ஒரே கதிரையில் காணலாம்.

இந்தப் பின்குறிப்பைக் கண்ணாடி போட்டுத்தான் எழுதினேன். இரண்டு தரம் வாசித்தும் பார்த்துவிட்டேன். கையொப்பம் அதற்குப் பிறகுதான்.

சி. கமலாசனி
(இலக்கம் 16)